ஓரத்தில் நிற்பவர்களையும் களத்துக்குள் அழைப்போம்: செட்டிநாட்டுப் பள்ளிகளுக்கும் ஊர்களுக்கும் ஓர் உடற்பயிற்சி வழிகாட்டி

ஆண்டு விளையாட்டு விழா அன்று எந்தப் பள்ளிக்குப் போனாலும் பார்க்கலாம். நடுவில் முப்பது நாற்பது பிள்ளைகள் ஓடுவார்கள், தாண்டுவார்கள். மீதி முந்நூறு பேர் ஓரமாக வரிசையில் உட்கார்ந்து கைதட்டுவார்கள். ஊர்ப் பொட்டலில் கபடி நடந்தாலும் இப்படித்தான்: ஆடுவது இரண்டு அணி, சுற்றி நிற்பது ஊர். நன்றாக ஓடுகிறவனை இன்னும் நன்றாக ஓட வைக்கப் பயிற்சியாளர்கள் இருக்கிறார்கள், போட்டிகள் இருக்கின்றன, முதலமைச்சர் கோப்பை வரைக்கும் வழி இருக்கிறது. கைதட்டிக்கொண்டிருக்கும் அந்த முந்நூறு பேருக்குத்தான் யாரும் இல்லை. இந்த வழிகாட்டி அவர்களுக்காக வேலை செய்ய நினைப்பவர்களுக்கு: ஓர் ஆசிரியர், ஓர் இளைஞர் மன்றம், ஒரு சுயஉதவிக் குழு, ஓய்வுபெற்று ஊர் திரும்பிய ஒருவர், யாராக இருந்தாலும் சரி.

காரைக்குடி, தேவகோட்டை, அவற்றைச் சுற்றியுள்ள ஊர்களை மனதில் வைத்து எழுதுகிறேன். இங்கே அகலமான நேர்வீதிகள் இருக்கின்றன, ஊருணிக் கரைகள் இருக்கின்றன, பழனிக்கு நடந்தே போகும் பழக்கம் பல தலைமுறையாக இருக்கிறது. ஒரு நேரம், ஓர் இடம், பொறுப்பாக ஓர் ஆள் என்று மூன்றையும் சேர்த்துவிட்டால் பாதி வேலை முடிந்துவிடும்.

எவ்வளவு அசைவு வேண்டும்?

உலக சுகாதார நிறுவனம் 2020இல் வெளியிட்ட வழிகாட்டுதல் எளிமையானது. 5 முதல் 17 வயது வரையுள்ள பிள்ளைகளுக்குச் சராசரியாக நாளுக்கு 60 நிமிடம், மூச்சு வாங்கும் அளவுக்கு ஓடியாட வேண்டும். வாரத்தில் 3 நாளாவது எலும்பையும் தசையையும் பலப்படுத்தும் குதித்தல், ஏறுதல், இழுத்தல் போன்றவை அதில் இருக்க வேண்டும். பெரியவர்களுக்கு வாரத்துக்கு 150 முதல் 300 நிமிடம் வேக நடை போன்ற மிதமான உழைப்பு, அதோடு 2 நாள் தசைக்கான பயிற்சி. 65 வயதைத் தாண்டியவர்களுக்கு இவற்றோடு வாரம் 3 நாள், விழாமல் நிற்கவும் நடக்கவும் உதவும் சமநிலைப் பயிற்சி.

மிதமான உழைப்பு என்றால் என்ன என்று கேட்பவர்களுக்கு ஒரு சோதனை சொல்லுங்கள். நடக்கும்போது பேச முடிய வேண்டும், பாட முடியக் கூடாது. பாடவும் முடிகிறது என்றால் இன்னும் கொஞ்சம் எட்டி நடக்கலாம். பேசவே திணறினால் வேகத்தைக் குறைக்க வேண்டும்.

2022ஆம் ஆண்டு நிலவரத்தை வைத்துச் செய்த ஒரு பெரிய கணக்கீட்டின்படி, இந்தியாவில் வயது வந்தவர்களில் ஏறத்தாழப் பாதிப்பேருக்குப் போதிய அசைவு இல்லை. ஆண்களைவிடப் பெண்கள் அதிகம் பின்தங்கியிருக்கிறார்கள். பள்ளி வயதுப் பிள்ளைகளின் நிலை இன்னும் மோசம். உலக அளவில் 11 முதல் 17 வயதுள்ளவர்களில் ஐந்தில் நான்கு பேர் அந்த 60 நிமிடத்தை எட்டுவதில்லை.

முதல் படி: யார் அசைவதில்லை என்று பாருங்கள்

ஒரு நோட்டை எடுத்துக்கொண்டு ஒரு வாரம் காலையிலும் மாலையிலும் ஊரைச் சுற்றி வாருங்கள். நாள் முழுக்கச் சித்தாள் வேலை செய்துவிட்டு வரும் பெண்ணிடம் போய் "உடற்பயிற்சி செய்யுங்கள்" என்று சொல்வது நியாயமில்லை. அவருக்கு வேண்டியது ஓய்வும் நல்ல சாப்பாடும். கடையில் உட்கார்ந்திருப்பவர், ஆட்டோ, வேன் ஓட்டுபவர், அலுவலகத்தில் இருப்பவர், பள்ளி முடிந்ததும் நேரே டியூஷனுக்குப் போகும் பிள்ளை, பிள்ளைகள் எல்லாம் சென்னையிலோ வெளிநாட்டிலோ இருக்க, பெரிய வீட்டில் தனியாக இருக்கும் ஆச்சி, இவர்கள்தான் உங்கள் ஆட்கள். அந்த ஆச்சியைப் போன்றவர்கள் நம் பகுதியில் நிறைய. வாசலுக்கும் அடுப்படிக்கும் நடப்பதைத் தவிர அவருக்கு வேறு நடை இல்லாமல் போயிருக்கும்.

நோட்டில் பெயர்கள் வேண்டாம். எந்த வயது, எந்தத் தெரு, எந்த நேரத்தில் சும்மா இருக்கிறார்கள் என்று குறித்தால் போதும். ஏன் வெளியே வருவதில்லை என்று ஒரு வரி கேட்டு எழுதுங்கள். "தனியாப் போக ஒரு மாதிரியா இருக்கு", "நாய்", "இருட்டு", "முட்டி வலி", "எல்லாரும் பார்ப்பாங்க" என்று பதில் வரும். இந்தப் பதில்களை வைத்துத்தான் அடுத்த படிகள் எல்லாம். ஒரு விளக்குக் கம்பம் போட வேண்டிய இடத்தில் ஒரு விழிப்புணர்வுக் கூட்டம் போட்டுப் பயனில்லை.

இரண்டாம் படி: இடத்தைத் தயார் செய்யுங்கள்

புது மைதானம் தேட வேண்டாம். பள்ளி மைதானம், ஊர்ப் பொட்டல், ஊருணிக் கரை, கோயிலைச் சுற்றியுள்ள வீதி, பெரிய வீடுகளுக்கு நடுவே போகும் நேர்வீதி என எல்லா ஊரிலும் ஏதாவது இருக்கும். அது யாருடையது என்பதைத்தான் முதலில் கேட்க வேண்டும். ஊராட்சியின் இடமா, கோயில் இடமா, நகரத்தார் பொறுப்பில் உள்ளதா, தனியார் இடமா என்று தெரியாமல் கோடு போட்டுவிட்டு அப்புறம் சண்டை பிடிப்பது வீண். உரியவரைப் பார்த்து, எத்தனை மணி முதல் எத்தனை மணி வரை, யார் பொறுப்பு, குப்பையை யார் அள்ளுவார்கள் என்று ஒரு பக்கத்தில் எழுதிக் கையெழுத்து வாங்குங்கள்.

பொது இடமானால் கிராம சபைக்குக் கொண்டுபோங்கள். தமிழ்நாட்டில் குடியரசு தினம், மே தினம், சுதந்திர தினம், காந்தி ஜெயந்தி ஆகிய நாள்களோடு மார்ச் 22, நவம்பர் 1 ஆகிய நாள்களிலும் கிராம சபை கூடுகிறது. "இந்தப் பொட்டல் தினமும் மாலை 5 முதல் 6.30 வரை சிறுவர் விளையாட்டுக்கு" என்று ஒரு தீர்மானம் போட்டுவிட்டால், நாளை யாராவது அங்கே ஜல்லி கொட்ட வந்தாலும் காட்ட ஒரு காகிதம் இருக்கும். 2024இல் மாநகராட்சியான காரைக்குடியில் இதே வேலைக்கு உங்கள் வார்டு உறுப்பினரைப் பார்க்க வேண்டும்.

நம் மண்ணில் இரண்டு தொல்லைகள் உண்டு. ஒன்று சீமைக்கருவேல முள். செருப்பையும் துளைத்துக்கொண்டு ஏறும். வெட்டிப் போட்டால் போதாது, வேரோடு எடுத்துவிட்டு, உதிர்ந்த முள்ளைக் கூட்டி அள்ளி அப்புறப்படுத்த வேண்டும். பிள்ளைகள் வெறுங்காலோடுதான் ஓடுவார்கள் என்று வைத்துக்கொண்டே இடத்தைத் தயார் செய்யுங்கள். மற்றொன்று செம்பராங்கல் சரளை. விழுந்தால் முட்டி சிராய்த்துவிடும். கபடிக்கும் கோ-கோவுக்கும் சரளையை அள்ளிவிட்டு மணல் கலந்த மண் போட்டு, ஆடுவதற்கு முன் லேசாகத் தண்ணீர் தெளியுங்கள்.

அளவுகள் தெரிந்தால் ஒரே இடத்தில் எது எது கொள்ளும் என்று திட்டம் போடலாம். ஆண்கள் கபடிக் களம் 13 மீட்டருக்கு 10 மீட்டர், பெண்களுக்கு 12க்கு 8. வாலிபால் 18க்கு 9. கோ-கோ 27க்கு 16. சிறு பிள்ளைகளுக்கு இந்த அளவெல்லாம் தேவையில்லை, பாதி போதும். கிளித்தட்டுக்கு ஒரு கை சுண்ணாம்பும் கொஞ்சம் பொறுமையும் இருந்தால் சரி.

குடிதண்ணீர், ஒரு விளக்கு, பக்கத்தில் பெண்கள் போகும்படியான கழிப்பறை. கழிப்பறை இல்லாத இடத்துக்குப் பெண் பிள்ளைகள் ஒரு வாரத்துக்கு மேல் வர மாட்டார்கள். ஊருணியிலோ கண்மாயிலோ நீச்சல் கற்றுத் தருவது நல்லதுதான். ஆனால் நன்றாக நீந்தத் தெரிந்த பெரியவர் ஒருவர் கரையில் நிற்காமல் எந்தப் பிள்ளையையும் இறக்க வேண்டாம். குடிநீர் ஊருணியில் இறங்கவே கூடாது.

மூன்றாம் படி: நேரம்

காலை 5.45 முதல் 7 வரை, மாலை 5 முதல் 6.30 வரை. ஏப்ரல், மே மாதங்களில் மாலையை 5.30க்குத் தள்ளுங்கள். வெயில் நேரத்தில் தலைசுற்றல், வாந்தி, தசைப்பிடிப்பு வந்தால் உடனே நிழலில் படுக்க வைத்து, உடம்பை ஈரத்துணியால் துடைத்து, நினைவு தெளிவாக இருந்தால் உப்புச் சர்க்கரைக் கரைசல் கொடுக்க வேண்டும். பேச்சு குழறினாலோ நினைவு தடுமாறினாலோ வாயில் எதுவும் ஊற்றாமல் 108ஐ அழையுங்கள், வண்டி வரும்வரை உடம்பைக் குளிர்விப்பதை நிறுத்தாதீர்கள்.

ஐப்பசி, கார்த்திகை மழைக்கு ஒரு மாற்று இடம் முன்கூட்டியே பேசி வைத்திருக்க வேண்டும். பள்ளி வராந்தா, கல்யாண மண்டபம், ஒரு பெரிய வீட்டின் பட்டாலை எதுவானாலும் சரி.

நான்காம் படி: பள்ளிக்கூடம்

பிள்ளைகள் எல்லோரும் ஒரே இடத்தில் இருப்பது பள்ளியில்தான். அதனால் இங்கே செய்யும் சிறு மாற்றமும் மொத்தப் பிள்ளைகளையும் தொடும். கட்டாயக் கல்வி உரிமைச் சட்டம் 2009 பள்ளிக்கு விளையாட்டு மைதானம் வேண்டும் என்கிறது. ஆறு முதல் எட்டு வகுப்பு வரை 100 பிள்ளைகளுக்கு மேல் இருந்தால் உடற்கல்விக்குப் பகுதிநேரப் பயிற்றுநர் வேண்டும் என்றும் சொல்கிறது. தொடக்கப் பள்ளிகளுக்கு அப்படித் தனி ஆசிரியர் கிடையாது, வகுப்பாசிரியர்தான் விளையாட வைக்க வேண்டும்.

முதல் வேலை, இருக்கும் பி.டி. பீரியடைக் காப்பாற்றுவது. பரீட்சை நெருங்கினால் கணக்குக்கும் அறிவியலுக்கும் அதுதான் போகும். பள்ளி மேலாண்மைக் குழுவில் பெற்றோர்தான் பெரும்பான்மை. அந்தக் கூட்டத்தில் "விளையாட்டு வேளையை வேறு பாடத்துக்கு எடுப்பதில்லை" என்று தீர்மானம் போடச் சொல்லுங்கள். மார்க் குறைந்துவிடும் என்று பயப்படும் பெற்றோருக்கு ஒரு தகவல். அமெரிக்க அரசின் நோய்க் கட்டுப்பாட்டு மையம் 2010இல், பள்ளியில் உடல் அசைவுக்கும் படிப்புக்கும் உள்ள தொடர்பு பற்றிய ஆய்வுகளைத் தொகுத்துப் பார்த்தது. ஏறத்தாழப் பாதி முடிவுகள் நன்மையைக் காட்டின, மீதியில் பெரும்பாலானவை எந்த மாற்றத்தையும் காட்டவில்லை, படிப்பு கெட்டது என்று காட்டியவை மிக மிகக் குறைவு.

அரசு வேலையில் விளையாட்டு வீரர்களுக்கு 3 சதவீத இட ஒதுக்கீடு இருப்பதைச் சொல்லியும் பெற்றோரைச் சம்மதிக்க வைக்கலாம். என்னைக் கேட்டால், அதை முன்னால் வைக்க வேண்டாம். அது சிலருக்குத்தான் கிடைக்கும். கிடைக்காத பிள்ளையை "இனி விளையாடி என்ன பயன்" என்று வீட்டில் நிறுத்திவிடுவார்கள்.

அடுத்தது, பி.டி. பீரியடின் நாற்பது நிமிடத்தில் என்ன நடக்கிறது என்பது. 60 பிள்ளைகள், இரண்டு பந்து என்றால் இருபது பேர் ஆடுவார்கள், நாற்பது பேர் வேப்பமரத்தடியில் உட்கார்ந்துவிடுவார்கள். இதை மாற்ற ஒரு வழி: முதல் 5 நிமிடம் எல்லோரும் சேர்ந்து மெல்லோட்டம், கை கால் சுழற்றல். பிறகு 15 பேர் கொண்ட நான்கு குழு. ஒரு குழுவுக்குக் கயிறு தாண்டுதல், ஒரு குழுவுக்குப் பழைய டயர்களைத் தாண்டி ஓடுதல், ஒரு குழுவுக்குத் துணிப்பந்து எறிந்து பிடித்தல், ஒரு குழுவுக்குப் பாண்டிக் கட்டம். 4 நிமிடத்துக்கு ஒரு விசில், குழு இடம் மாறும். நான்கும் முடிய 16 நிமிடம். மீதியில் 15 நிமிடம் ஒரு பெரிய விளையாட்டு, கடைசியில் மூச்சைத் தணித்து, கை கால் நீட்டி முடித்தால் பீரியட் சரியாக இருக்கும். கயிறு காரைக்குடி கடைவீதியில் கிலோ கணக்கில் கிடைக்கும், பழைய டயர் பஞ்சர் கடையில் கேட்டால் கொடுப்பார்கள், துணிப்பந்தைப் பிள்ளைகளே தைப்பார்கள்.

விளையாட்டின் விதிகளையும் கொஞ்சம் தொட வேண்டும். அவுட்டானால் வெளியே உட்கார வேண்டிய விளையாட்டில், மெதுவாக ஓடும் பிள்ளைதான் முதலில் அவுட்டாகும். யாருக்கு அதிக ஓட்டம் தேவையோ அந்தப் பிள்ளையே அதிக நேரம் உட்கார்ந்திருக்கும். விதியை மாற்றிவிடுங்கள்: அவுட்டானால் மைதானத்தை ஒரு சுற்று ஓடிவிட்டு, அல்லது பத்து முறை கயிறு தாண்டிவிட்டு, திரும்ப உள்ளே வரலாம். ஏழாங்கல்லுக்கும் கிளித்தட்டுக்கும் எறிபந்துக்கும் இது நன்றாகவே பொருந்தும்.

இரண்டு தலைவர்கள் நின்று ஒவ்வொருவராகப் பெயர் சொல்லிக் கூப்பிட்டு அணி சேர்க்கும் பழக்கத்தை விட்டுவிடுங்கள். கடைசியாக நிற்கும் பிள்ளைக்கு அது எப்படி இருக்கும் என்று யோசித்தால் போதும். ஒன்று, இரண்டு, ஒன்று, இரண்டு என்று எண்ணிப் பிரியுங்கள்.

அதைவிட முக்கியமானது ஒன்று. ஓட்டத்தைத் தண்டனையாகக் கொடுக்காதீர்கள். வீட்டுப்பாடம் எழுதாதவனை நாலு ரவுண்டு ஓட வைப்பதும், தாமதமாக வந்தவளைத் தோப்புக்கரணம் போட வைப்பதும், உடம்பை அசைப்பது என்றாலே அவமானம் என்று பிள்ளைக்குக் கற்றுக்கொடுத்துவிடும். எந்த விளையாட்டு விழாவாலும் பிறகு அதைச் சரிசெய்ய முடியாது. "விளையாட விட மாட்டேன்" என்று தண்டிப்பதும் இதில் சேர்த்திதான்.

பி.டி. பீரியட் வாரத்துக்கு இரண்டு என்றால் தினம் 60 நிமிடத்துக்கு அது போதாது. இரண்டு பாடவேளை முடிந்ததும் வகுப்பிலேயே 5 நிமிடம் எழுந்து நின்று குதிக்கலாம், வாய்ப்பாட்டைக் கைதட்டித் தாவிச் சொல்லலாம். பள்ளிக்கு ஒன்றரை கிலோமீட்டருக்குள் வீடு இருந்தால் வேன் வேண்டாம், தெருவுக்கு ஒரு பெரியவர் முன்னால் போக, பிள்ளைகள் சேர்ந்து நடந்து வரலாம். பதினோராம் வகுப்பில் அரசு கொடுக்கும் மிதிவண்டியை வீட்டில் சும்மா நிறுத்தாமல், சேர்ந்து ஓட்டிவரும் குழுக்களாக்கலாம். மாற்றுத்திறனுள்ள பிள்ளைகளை ஸ்கோர் எழுத உட்கார வைப்பது நல்ல எண்ணத்தில் செய்வதுதான், ஆனாலும் அது விளையாட்டு ஆகாது. சக்கர நாற்காலியில் உள்ள பிள்ளைக்கு எறிந்து பிடிக்கும் ஆட்டத்தில் இடம் உண்டு. பார்வை குறைந்த பிள்ளைக்கு உள்ளே மணி வைத்துத் தைத்த பந்து போதும். அந்தப் பிள்ளையிடமே கேளுங்கள், என்ன செய்யலாம் என்று சொல்லும்.

ஆளில்லை என்று சொல்லும் பள்ளிகளுக்கு ஒரு யோசனை. அழகப்பா பல்கலைக்கழகத்தின் உடற்கல்வியியல் கல்லூரி காரைக்குடியில்தான் இருக்கிறது. உடற்கல்வி படிக்கும் மாணவர்களுக்குப் பள்ளியில் பாடம் எடுத்துப் பழகுவது படிப்பில் ஒரு பகுதி. தலைமையாசிரியர் ஒரு கடிதம் எழுதிக் கேட்கலாம்.

ஐந்தாம் படி: பெண் பிள்ளைகள் நின்றுவிடும் இடம்

ஐந்தாம் வகுப்பு வரை பையன்களோடு சரிக்குச் சரி ஓடும் பெண் பிள்ளை, எட்டாம் வகுப்பில் ஓரமாக நிற்கிறாள். சோம்பல் என்று நினைக்க வேண்டாம். பெரியவளானதும் வீட்டில் சொல்லும் கட்டுப்பாடு, நழுவும் துப்பட்டா, மாதவிடாய் நாள்களின் பயம், மதில்மேல் உட்கார்ந்து பார்க்கும் பையன்கள் என்று காரணம் பல.

செய்யக்கூடியவை: விளையாட்டு நாளன்று துப்பட்டா இல்லாமல் டீ-ஷர்ட்டும் டிராக் பேண்ட்டும் போட எல்லாப் பெண் பிள்ளைகளுக்கும் பள்ளியே அனுமதி கொடுப்பது. கேட்டவளுக்கு மட்டும் என்றால் யாரும் கேட்க மாட்டார்கள். உடை மாற்ற ஒரு பூட்டக்கூடிய அறை. அரசின் புதுயுகம் திட்டத்தில் வரும் நாப்கின், கேட்காமல் எடுத்துக்கொள்ளும்படி ஓர் இடத்தில். மாதவிடாய் நாளில் விளையாடினால் கெடுதல் இல்லை, முடியாவிட்டால் உட்காரலாம், காரணம் சொல்ல வேண்டியதில்லை என்று பி.டி. மிஸ் வெளிப்படையாகச் சொல்லிவிட வேண்டும். பி.டி. சார் மட்டும் உள்ள பள்ளியில் ஒரு பெண் ஆசிரியர் மைதானத்தில் உடன் நிற்கட்டும். பெண்களுக்கென்று மைதானத்தில் தனி நாள்களோ தனிப் பாதியோ எழுதி ஒட்டுங்கள். பையன்கள் விட்டுக் கொடுப்பார்கள் என்று நம்பியிருந்தால் நடக்காது.

எந்த விளையாட்டு என்பதை அவர்களே சொல்லட்டும். கோ-கோவும் எறிபந்தும் சீக்கிரம் பிடித்துவிடும். சிலம்பம் இப்போது பெண்களிடம் நன்றாகவே பரவியிருக்கிறது. 2024 ஜனவரியில் தமிழ்நாட்டில் நடந்த கேலோ இந்தியா இளைஞர் விளையாட்டில் அது அறிமுக விளையாட்டாகவும் இடம்பெற்றது. அம்மாக்களை ஒரு நாள் வரவழைத்துப் பார்க்க வையுங்கள், முடிந்தால் ஒரு ஆட்டம் ஆடவும் வையுங்கள். தன் பெண் சிரித்துக்கொண்டு ஓடுவதைப் பார்த்த அம்மா, வீட்டில் அவள் பக்கம் பேசுவாள்.

ஆறாம் படி: ஆச்சிகளும் ஐயாக்களும்

வயதானவர்களுக்கு முதலில் சர்க்கரையும் ரத்த அழுத்தமும் பார்த்துவிட வேண்டும். "மக்களைத் தேடி மருத்துவம்" திட்டத்தில் வீட்டுக்கு வரும் தன்னார்வலரிடம் சொல்லலாம், ஆரம்ப சுகாதார நிலையத்துக்கும் போகலாம். நெஞ்சுவலி, நடந்தால் மூச்சுத் திணறல் உள்ளவர்கள் மருத்துவரைக் கேட்ட பிறகே. சர்க்கரைக்கு மாத்திரையோ இன்சுலினோ எடுப்பவர்கள் வெறும் வயிற்றில் வேகமாக நடக்கக் கூடாது. பையில் இரண்டு மிட்டாய் இருக்கட்டும். நடந்து வந்ததும் உள்ளங்காலில் புண், கொப்புளம் இருக்கிறதா என்று பார்க்க வேண்டும்.

நடைக்குழுவைத் தெரு வாரியாகச் சேருங்கள். ஒரே தெருவில் நாலு பேர் சேர்ந்தால் "தனியாப் போக ஒரு மாதிரியா இருக்கு" என்ற பேச்சு போய்விடும். முதல் இரண்டு வாரம் 10 நிமிடம் போதும். வீட்டு வாசலில் நின்று "ஆச்சி, வாறீகளா?" என்று கூப்பிட ஒரு சிறுபெண் இருந்தால், வேறு விளம்பரம் வேண்டாம்.

வெளியே வரவே முடியாதவர்களுக்கு நம் வீடுகளே நல்ல இடம். திண்ணையிலிருந்து கையை ஊன்றாமல் எழுந்து, மெல்ல உட்கார்ந்து, பத்து முறை. திண்ணைத் தூணைப் பிடித்துக்கொண்டு ஒற்றைக் காலில் பத்து எண்ணும் வரை, பிறகு மறுகால். ஆத்தங்குடிக் கல் பதித்த தரையில் கற்கள் சேரும் கோட்டின் மேல், ஒரு காலின் குதிகால் மறுகாலின் விரலைத் தொடும்படி, சுவரை ஒட்டி இருபது அடி. இது மூன்றும் வாரம் மூன்று நாள் செய்தால் விழும் அபாயம் குறையும். ஈரத் தரையில் வேண்டாம், அந்தக் கல் வழுக்கும்.

கும்மி தெரிந்த பெண்கள் எல்லா ஊரிலும் இருக்கிறார்கள். வாரம் ஒரு நாள் கோயில் வாசலில் அரை மணி நேரம் கும்மி, இளம் பெண்களுக்குப் பழக்கிவிடும் வேலையை அவர்களிடமே கொடுத்துவிடுங்கள். குனிந்து நிமிர்ந்து சுற்றி வரும்போது எந்த ஜிம் பயிற்சிக்கும் குறையாத உழைப்பு அது.

ஏழாம் படி: பாதயாத்திரையைப் பிடித்துக்கொள்ளுங்கள்

தைப்பூசத்துக்கு நகரத்தார் காவடியும், கூடவே எத்தனையோ ஊர் மக்களும் குன்றக்குடி வழியாகப் பழனிக்கு நடக்கிறார்கள். வருடம் முழுக்க நடக்காதவர்கூட மாலை போட்டதும் கிளம்பிவிடுகிறார். மூன்றாம் நாள் கால் கொப்புளித்து, முட்டி வீங்கி அவதிப்படுபவர்கள் பலரும் பயிற்சி இல்லாமல் வந்தவர்கள். ஊரையே நடக்க வைக்க இதைவிட நல்ல வாய்ப்பு வேறு கிடைக்காது.

தைப்பூசத்துக்கு எட்டு வாரம் முன்னால், கார்த்திகைக் கடைசியில் தொடங்குங்கள். முதல் இரண்டு வாரம் தினம் 2 முதல் 3 கிலோமீட்டர். மூன்றாம், நான்காம் வாரம் 4 முதல் 5, ஞாயிறன்று 8. ஐந்தாம் வாரம் முதல் ஞாயிறுதோறும் காரைக்குடியிலிருந்து குன்றக்குடிக்கு, ஏறக்குறைய 10 கிலோமீட்டர். வரும்போது பஸ். கடைசி வாரங்களில் போகும்போதும் வரும்போதும் நடை. யாத்திரைக்கு முந்தைய வாரம் குறைத்துக்கொள்ளுங்கள். யாத்திரைக்குப் போடப்போகும் செருப்பையோ ஷூவையோ இப்போதே போட்டுப் பழகுங்கள். சாலையின் வலப்பக்கம், எதிரே வரும் வண்டி கண்ணில் படும்படி நடக்க வேண்டும். இருட்டில் முதுகிலும் பையிலும் ஒளிரும் ஸ்டிக்கர் அவசியம்.

யாத்திரை போகாதவர்களும் இந்தப் பயிற்சி நடையில் சேரலாம், சாமி கும்பிடாதவர்களும் சேரலாம் என்பதை முதலிலேயே சொல்லிவிடுங்கள். பழனியிலிருந்து திரும்பியதும் ஒரு வாரம் ஓய்வு. அதற்கு அடுத்த ஞாயிறு அதே குழு, அதே நேரத்தில், 3 கிலோமீட்டர் நடக்க வேண்டும். இந்த ஒரு ஞாயிறை நடத்திவிட்டால் குழு வருடம் முழுக்க நிற்கும். விட்டால் அடுத்த கார்த்திகை வரை யாரும் வர மாட்டார்கள்.

எட்டாம் படி: பொங்கல் விளையாட்டை விரியுங்கள்

பொங்கலுக்குச் சிறாவயல் மஞ்சுவிரட்டைப் பார்க்கக் கூடும் கூட்டத்தை நாம் எல்லோரும் பார்த்திருக்கிறோம். அதே நாள்களில் ஊர்தோறும் உறியடி, வழுக்கு மரம், கபடி எல்லாம் நடக்கும். பெண்களுக்கு என்ன? கோலப் போட்டியும் இசை நாற்காலியும். நாற்பது வயதுப் பெண்கள் கயிறு இழுப்பதைப் பார்த்தவர்கள் அதை மறக்க மாட்டார்கள், ஒரு முறை வைத்துப் பாருங்கள். அறுபதைத் தாண்டியவர்களுக்கு வேக நடை, தாத்தாவும் பேரனும் சேர்ந்து ஓடும் ஓட்டம், ஒரு தெரு முழுக்கச் சேர்ந்தால்தான் கணக்கு என்று தெருவுக்குத் தெரு தொடரோட்டம். பரிசை முதலிடத்துக்கு மட்டும் வைக்காமல், அதிகம் பேரை இறக்கிய தெருவுக்கு ஒரு பெரிய பரிசு வையுங்கள்.

இருக்கும் கபடி, கிரிக்கெட் அணிகளை எதிர்த்துக்கொள்ள வேண்டாம். மைதானத்தை நன்றாகப் பராமரிப்பவர்கள் அவர்கள்தான். மாலையில் முதல் அரை மணி நேரம் சிறு பிள்ளைகளுக்கு, அணியில் இருவர் முறை வைத்துச் சொல்லிக்கொடுக்க வேண்டும் என்று பேசுங்கள். பெரிய அண்ணன்கள் கூப்பிட்டால் பிள்ளைகள் ஓடி வருவார்கள்.

பணமும் பொருளும்

பெரிய செலவு இல்லை. 2024 முதல் கிராம ஊராட்சிகளுக்குக் கலைஞர் விளையாட்டு உபகரணத் தொகுப்பு கொடுத்திருக்கிறார்கள். உங்கள் ஊராட்சிக்கு வந்தது எங்கே இருக்கிறது என்று ஊராட்சிச் செயலரிடம் கேளுங்கள். அலமாரியில் இருந்தால் எடுத்துத் தரச் சொல்லி, வாங்கியதற்கும் திருப்பியதற்கும் ஒரு பதிவேடு வையுங்கள். பயிற்சி முகாம், போட்டி பற்றிய விவரங்களுக்கு மாவட்ட விளையாட்டு அலுவலகம் உண்டு. செட்டிநாட்டு ஊர்கள் சில புதுக்கோட்டை மாவட்டத்தில் இருப்பதால், உங்கள் ஊர் எந்த மாவட்டம் என்று பார்த்துப் போங்கள். 2023 நவம்பரில் தொடங்கிய "நடப்போம் நலம் பெறுவோம்" திட்டத்தில் எல்லா மாவட்டத்திலும் 8 கிலோமீட்டர் நடைப்பாதை ஒதுக்கியிருக்கிறார்கள். அதையும் பயன்படுத்திக்கொள்ளலாம்.

வெளியூரிலிருந்து கொடுக்க விரும்பும் நம்மவர்களிடம் கோப்பையும் பேனரும் கேட்காதீர்கள். இரண்டு விளக்குக் கம்பம், ஒரு கழிப்பறை, வாரம் மூன்று நாள் வரும் ஒரு பெண் பயிற்சியாளருக்கு ஒரு வருடச் சம்பளம் என்று குறிப்பாகக் கேளுங்கள். குறிப்பாகக் கேட்டால் குறிப்பாகக் கிடைக்கும்.

கடைசிப் படி: எதை எண்ணுவது

எத்தனை கோப்பை என்பதை எண்ண வேண்டாம். ஒரு நோட்டு, நான்கு பத்தி: தேதி, வந்தவர் எண்ணிக்கை, அதில் பெண்கள், அதில் முதல் முறை வந்தவர். மாதம் ஒரு முறை கூட்டிப் பாருங்கள். மொத்தம் ஏறி, பெண்கள் குறைந்தால் ஐந்தாம் படிக்குத் திரும்புங்கள். முதல் முறை வருபவர் நின்றுபோனால், வருகிறவர்களே சுற்றிச் சுற்றி வருகிறார்கள் என்று அர்த்தம். முதல் படியில் எழுதிய நோட்டை எடுத்து, இன்னும் யார் வீட்டுக்குள் இருக்கிறார்கள் என்று பாருங்கள்.

மூன்று முறை வராமல் போனவர் வீட்டுக்கு யாராவது போக வேண்டும். ஏன் வரவில்லை என்று அதட்டாமல், உடம்பு சரியில்லையா என்று கேட்டால் போதும். மார்ச்சில் பரீட்சை வரும், மாசி பங்குனியில் திருவிழா வரும், எண்ணிக்கை குறையும். அப்போது நேரத்தைப் பாதியாக்கிக்கொள்ளுங்கள், ஒரு நாளைக்கூட விடாதீர்கள். பொறுப்பாளர் ஒருவராக இருந்தால் அவருக்குக் காய்ச்சல் வந்த வாரமே எல்லாம் நின்றுவிடும். அதனால் விசிலும் சாவியும் நோட்டும் எப்போதும் இரண்டு பேரிடம் இருக்கட்டும், அதில் ஒருவர் பெண்ணாக இருக்கட்டும்.